உங்களுக்குத் தெரியுமா? கோலாவின் மரம் இங்கே, குருவியின் காடு எங்கே?

நோட்டன் பிரிட்ஜ் பக்கத்துத் தோட்டங்களில் விறகுக்கும் பலகைக்கும் நட்ட யூகலிப்டஸ் மரங்களைப் பார்த்திருப்பீர்கள். அவற்றின் தாயகம் ஆஸ்திரேலியா. அங்கே அந்த இலையையே தின்று வாழ்கிறது கோலா. குட்டியை வயிற்றுப் பையில் வளர்க்கும் விலங்கு அது. காடழிப்பு, காட்டுத்தீ, நோய் என்று அடிமேல் அடி. 2022 பெப்ரவரியில் குயின்ஸ்லாந்து, நியூ சவுத் வேல்ஸ், தலைநகரப் பிரதேசம் ஆகிய மூன்றிலும் அதை ‘அழியும் ஆபத்தில் உள்ளது’ என அரசு அறிவித்தது.

நம் மலையிலும் அதே நிலையில் ஒரு பறவை உண்டு: இலங்கைச் சீகாரப் பூங்குருவி. உலகில் வேறெங்கும் இல்லை. கருமையான உடல், தோளில் மின்னும் நீலத் திட்டு. விடியலிலும் அந்தியிலும் நிழலடர்ந்த ஓடைக்கரையில் கூர்மையாகச் சீழ்க்கை அடிக்கும். 1872இல் அறிவியல் பெயர் பெற்றது. அந்தப் பெயரில் இருப்பவர் சாமுவேல் பிளை என்ற கோப்பித் தோட்டக்காரர். கோப்பிக்கும் பிறகு தேயிலைக்கும் வெட்டப்பட்ட மலைக்காடுதான் இதன் வீடு.

கோலாவுக்கு யூகலிப்டஸ் போதும். இந்தக் குருவிக்கு அது உதவாது. ஈரமும் இருளும் நிறைந்த இயற்கைக் காடு வேண்டும். உங்கள் தோட்டத்து ஓடைக்கரையில் மிஞ்சியிருக்கும் காட்டு மரங்களை வெட்டவிடாதீர்கள்.