காப்புப் படியும் களவுப் படியும்

மூல ஏடு செல்லரித்துப் போகுமுன் அதனைப் பார்த்துப் புதிய ஏட்டில் எழுதிவைப்பது நம் முன்னோர் மரபு. உமறுப் புலவரின் சீறாப்புராணம் 1842இல் புலவர் நாயகம் செய்கு அப்துல் காதிர் நயினார் லெப்பை ஆலிம் அவர்களால் அச்சேறும் வரை, ஏட்டுப் படிகளின் வாயிலாகவே உயிர் வாழ்ந்தது. அன்று படியெடுத்தல் என்பது காத்தலின் மறுபெயராக இருந்தது. இன்றோ, கணிப்பொறி மென்பொருளைப் படியெடுத்தல் என்றவுடன் களவு என்னும் எண்ணமே நெஞ்சில் முந்துகின்றது. விலை கொடுத்து வாங்கிய மென்பொருளுக்குக் காப்புப் படி எடுத்துக்கொள்ளச் சட்டம் இடந்தருகின்றதா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தோற்றுவாய்

பல ஆண்டுகளுக்கு முன் எம் துறையில் தமிழ்ச் சொற்செயலி மென்பொருள் ஒன்றைக் குறுந்தட்டில் வாங்கினோம். அதற்கு ஒரு படி எடுத்துவைக்கலாமே என்றபோது, மார்க்கப் பற்று மிக்க நண்பர் ஒருவர், "பிறர் உழைப்பைப் படியெடுப்பது திருட்டல்லவா?" எனத் தயங்கினார், படி எடுக்கவில்லை. அதே வாரத்தில் மற்றொருவர், "காசு கொடுத்துத்தானே வாங்கினோம்?" என்று கூறி, ஒரு கணிப்பொறிக்கு மட்டுமே உரிமம் பெற்ற அம்மென்பொருளைத் துறையிலிருந்த கணிப்பொறிகள் அனைத்திலும் ஏற்றிவிட்டார். சில மாதங்களில் தட்டு கீறல் விழுந்து பயனற்றுப் போயிற்று. சட்டம் அனுமதித்ததைச் செய்யாது விட்டோம், அனுமதிக்காததைச் செய்துவிட்டோம். இரண்டுக்கும் காரணம் அறியாமை ஒன்றே.

நிரலும் இலக்கியமே

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957இல் இயற்றப்பட்டது. 1984ஆம் ஆண்டுத் திருத்தம் கணிப்பொறி நிரலை 'இலக்கியப் படைப்பு' என்னும் வகைக்குள் கொண்டுவந்தது. தமிழ்த்துறையினர்க்கு இது வியப்பாகத் தோன்றலாம். ஆயினும் சட்டத்தின் நோக்கில் இலக்கியம் என்பது சுவையைப் பொறுத்ததன்று. ஒருவர் தம் அறிவாலும் உழைப்பாலும் எழுத்து வடிவில் ஆக்கியது என்பதைப் பொறுத்தது. எனவே, ஒரு நாவலைப் படியெடுக்கும் உரிமை எங்ஙனம் அதன் ஆசிரியர்க்கு உரியதோ, அங்ஙனமே நிரலைப் படியெடுக்கும் உரிமையும் அதன் உரிமையாளர்க்கு உரியது. இது பொது விதி.

எனினும், நூலுக்கும் நிரலுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. நூலைப் படிக்கப் படியெடுக்க வேண்டுவதில்லை. நிரலையோ, தட்டிலிருந்து கணிப்பொறியின் நினைவகத்திற்குப் படியெடுத்தாலன்றி இயக்கவே இயலாது. அன்றியும், அது தாங்கி நிற்கும் தட்டு எளிதிற் பழுதடையும் இயல்பினது. பொது விதியை அப்படியே பொருத்தின், வாங்கியவர் வாங்கிய பொருளைப் பயன்படுத்துவதே குற்றமாகிவிடும். ஆதலின் விதிவிலக்கு ஒன்று தேவைப்பட்டது.

சட்டம் தரும் விடை

1994ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வாயிலாகச் சேர்க்கப்பட்டு, 1995 மே 10 முதல் நடைமுறைக்கு வந்த 52(1)(ஏஏ) பிரிவு அவ்விலக்கை வழங்குகின்றது. நிரலின் படியொன்றைச் சட்டப்படி கைவசம் வைத்திருப்பவர், அது எந்நோக்கத்திற்காக வழங்கப்பட்டதோ அந்நோக்கத்திற்குப் பயன்படுத்தவும், இழப்பு, அழிவு, சேதம் ஆகியவற்றினின்றும் தற்காலிகமாகக் காத்துக்கொள்ளவும் படியெடுக்கலாம். அது பதிப்புரிமை மீறல் ஆகாது. எனவே நம் வினாவிற்குரிய விடை 'ஆம்' என்பதே. எனினும் அவ்விடை நான்கு வரையறைகளுக்கு உட்பட்டது.

முதலாவது, எடுப்பவர் சட்டப்படி அதனைப் பெற்றவராதல் வேண்டும். இரண்டாவது, தம்மிடமுள்ள அந்தப் படியிலிருந்தே எடுத்தல் வேண்டும்; நண்பரிடம் இரவல் வாங்கி எடுத்தல் ஆகாது. மூன்றாவது, பாதுகாப்பு ஒன்றே குறிக்கோளாதல் வேண்டும். நான்காவது, அப்படியும் மூலம் வழங்கப்பட்ட நோக்கத்திற்கே பயன்படுதல் வேண்டும். ஒரு கணிப்பொறிக்கென வாங்கியதைப் பத்துக் கணிப்பொறிகளில் ஏற்றுவது காத்தலன்று, பெருக்குதலாகும். மூலத்தை விற்றுவிட்டுக் காப்புப் படியைத் தம்மிடம் நிறுத்திக்கொள்பவரும் 'சட்டப்படி கைவசம் வைத்திருப்பவர்' என்னும் நிலையை இழந்துவிடுகின்றார்.

1999ஆம் ஆண்டுத் திருத்தம், தனிப்பட்ட முறையில் சட்டப்படி பெற்ற படியிலிருந்து, வணிக நோக்கமற்ற சொந்தப் பயனுக்காகப் படியெடுப்பதையும் அனுமதித்தது. இது தனிமனிதர்க்கு உதவுவது. கல்லூரி அலுவலகத்தின் தேவைக்கு இதனைத் துணைக்கழைத்தல் பொருந்தாது.

பிற நாடுகளில்

அமெரிக்கா 1980லேயே தன் பதிப்புரிமைச் சட்டத்தின் 117ஆம் பிரிவில் இவ்வுரிமையைச் சேர்த்தது. ஆனால் அச்சட்டம் படியின் 'உடைமையாளர்' என்று கூறுகின்றது. அதனால், உரிமம் பெற்றவர் உடைமையாளர் ஆவாரா என்னும் வழக்கு அங்கே எழுந்தது. 2010இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று, கடுமையான கட்டுப்பாடுகளுடன் உரிமம் மட்டுமே பெற்றவர் உடைமையாளர் அல்லர் எனத் தீர்ப்பளித்தது. இந்தியச் சட்டம் 'கைவசம் வைத்திருப்பவர்' எனக் கூறுவது இவ்வகையில் விரிந்த பொருள் தருவதாகும்.

ஐரோப்பிய நாடுகளின் 1991ஆம் ஆண்டு நெறிமுறை இன்னும் ஒரு படி மேலே சென்று, பயன்பாட்டிற்குத் தேவையான காப்புப் படியை ஒப்பந்தத்தின் மூலமாகவும் தடுக்கலாகாது என்றது. அதே வேளையில், மூலத் தட்டு பழுதடைந்ததாயினும், உரிமையாளரின் இசைவின்றிக் காப்புப் படியைப் பிறருக்கு விற்றல் கூடாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2016இல் வரையறுத்தது. ஒப்பந்தத்தால் தடுக்கலாகாது என்னும் வெளிப்படையான தொடர் நம் சட்டப் பிரிவில் இல்லை. ஆகவே வாங்குமுன் உரிம வாசகத்தைப் படித்தறிதல் நன்று.

பூட்டிய மென்பொருள்

படியெடுக்க இயலாதவாறு சில மென்பொருள்கள் தொழில்நுட்பப் பூட்டுடன் வருகின்றன. 2012ஆம் ஆண்டுத் திருத்தம், பதிப்புரிமையை மீறும் எண்ணத்துடன் அத்தகைய பூட்டை உடைப்பதைக் குற்றமாக்கியது. சட்டம் வெளிப்படையாகத் தடுக்காத நோக்கத்திற்காகச் செய்வதை விலக்கிவைத்தது. எண்ணமே இங்கு அளவுகோலாகின்றது. மறுபுறம், சட்டவிரோதப் படியென்று அறிந்தே கணிப்பொறியில் பயன்படுத்துவோர்க்கு 7 நாட்கள் முதல் 3 ஆண்டுகள் வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 இலட்சம் ரூபாய் வரை தண்டமும் விதிக்க 63பி பிரிவு வழிவகுத்தது. ஆதாய நோக்கமின்றிப் பயன்படுத்தியோர்க்கு, தக்க காரணங்காட்டிச் சிறையைத் தவிர்க்கவும் நீதிமன்றத்திற்கு அதிகாரம் உண்டு.

இன்று இணையவழிச் சந்தா செலுத்திப் பயன்படுத்தும் மென்பொருள்கள் பல. நிறுவனத்தின் கணிப்பொறியிலேயே இயங்குபவற்றில் படி எதுவும் நம் கையில் இராது. படியெடுத்தல் என்னும் வினாவும் எழாது. ஆனால் நாம் எழுதிய கட்டுரைகளும் தொகுத்த சொற்கோவைகளும் நம்முடையவை. அவற்றுக்கு எத்தனை படிகள் வேண்டுமாயினும் எடுத்து வைக்கலாம், வைக்கவும் வேண்டும்.

முடிவுரை

1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாதமி, நூலாசிரியர் உரிமை முதலியன ஷரீஅத் ஏற்கும் உரிமைகளே எனவும், அவற்றை மீறலாகாது எனவும் தீர்மானித்தது. எம் நண்பரின் தயக்கம் அடிப்படையில் நேரியதே. ஆனால் அமானிதப் பொருளைப் பெற்றவர்க்குக் கடமை இரண்டு: அதனைப் பழுதின்றிக் காத்தல், அதன் எல்லை கடவாதிருத்தல். காப்புப் படி முதற் கடமையைச் சார்ந்தது. களவுப் படி இரண்டாவதை மீறுவது. படியெடுக்கும் கை ஒன்றே. எதற்காக எடுக்கின்றோம் என்பதிலேயே வேறுபாடு உள்ளது. சட்டமும் அதனையே கேட்கின்றது.

இப்போது எம் துறை அலமாரியில் ஒவ்வொரு மென்பொருளுடனும் அதன் விலைச்சீட்டும், உரிமத் தாளும், ஒரே ஒரு காப்புப் படியும் ஒன்றாக வைக்கப்பட்டுள்ளன. முன்பு தயங்கிய நண்பரே அவ்வலமாரியின் சாவியை வைத்திருக்கின்றார்.