கடல் சூழ்ந்த நகரும் அதன் குடிநீரும் – இஸ்தான்புல் நகர வரலாறு

ஐரோப்பாக் கண்டத்தையும் ஆசியாக் கண்டத்தையும் பிரிக்கும் பொஸ்பரஸ் நீரிணையின் இரு கரையிலும் பரந்து கிடப்பது துருக்கி நாட்டின் மிகப் பெரிய நகராகிய இஸ்தான்புல். பைசாந்தியம், கொன்ஸ்தாந்திநோப்பிள், இஸ்தான்புல் எனக் காலந்தோறும் பெயர் வேறுபட்டு, உரோமப் பேரரசுக்கும் உதுமானியப் பேரரசுக்கும் தலைநகராய் விளங்கிய இந்நகரின் வரலாற்றை எழுதப் புகுந்தோர், அதன் மதில்களையும் முற்றுகைகளையும் மன்னர்களையுமே பெரிதும் விரித்துரைப்பர். அவை யாவும் அறியத்தக்கனவே. ஆயினும் மன்னர் மாறியும், மொழி மாறியும், சமயம் மாறியும், மாறாது நின்ற தேவையொன்று அந்நகருக்கு உண்டு. அது குடிநீர். மூன்று புறமும் கடல் சூழ்ந்த பழைய நகருக்குள் பேராறு எதுவும் இல்லை. ஆதலின் அந்நகர் பெருகுவதும் சுருங்குவதும், வெளியிலிருந்து நீர் கொணரும் ஆற்றல் அதன் ஆட்சியாளர்க்கு இருந்ததா இல்லையா என்பதையும் பொறுத்திருந்தன. இந்நோக்கில் அந்நகர வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் காண்போம்.

இடத்தின் சிறப்பும் குறையும்

இஸ்தான்புல் அமைந்த நிலத்தில் மக்கள் வாழ்ந்த காலம் மிகத் தொன்மையானது. 2004இல் யெனிக்காப்பி என்னுமிடத்தில் சுரங்க இருப்புப்பாதை வேலையை ஒட்டித் தொடங்கிய அகழ்வில், ஏறக்குறைய 8,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட புதிய கற்கால மக்களின் எச்சங்களும், பிற்காலத் துறைமுகமொன்றில் அமிழ்ந்துபோன 37 மரக்கலங்களும் வெளிப்பட்டன. எனினும் நகரென்று கூறத்தக்க குடியிருப்பு, கி.மு. 7ஆம் நூற்றாண்டிற் கிரேக்க நாட்டு மெகாரா நகரத்தார் வந்து அமைத்ததேயாகும். பைசாஸ் என்னும் தலைவன் பெயரால் அது பைசாந்தியம் எனப்பட்டது என்பது மரபு.

கிரேக்க வரலாற்றாசிரியராகிய ஹெரொடோட்டஸ் ஒரு செய்தி கூறுகின்றார். பைசாந்தியத்துக்கு எதிரே ஆசியக் கரையில் 17 ஆண்டுகள் முன்னரே கல்சிடன் என்னும் ஊர் எழுந்திருந்தது. இதனைக் கேள்வியுற்ற பாரசீகத் தளபதி மெகபாசஸ், இத்துணைச் சிறந்த இடம் எதிர்க்கரையில் இருப்ப, அதனை விடுத்து அங்கே குடியேறியோர் கண்ணிலாராகவே இருந்திருத்தல் வேண்டும் என்றானாம். அவன் கண்ட சிறப்பு யாது? கருங்கடலிலிருந்து மத்தியதரைக்கடல் செல்லும் கலங்கள் யாவும் இவ்வழியே செல்லல் வேண்டும். பொற்கொம்பு எனப்படும் நீண்ட குடா, எக்காற்றுக்கும் அஞ்சாது கலங்கள் தங்கத்தக்க இயற்கைத் துறைமுகம். மேற்குப் பக்கம் ஒன்றை மட்டும் மதிலிட்டுக் காத்தால், ஏனைய பக்கங்களைக் கடலே காக்கும்.

தளபதி காணாத குறையொன்றும் அவ்விடத்துக்கு இருந்தது. நிலமுனைக்குள் ஓடியது லைக்கஸ் என்னும் சிற்றோடை ஒன்றே. சிற்றூருக்கு அதுவும் கிணறுகளும் போதும், மாநகருக்குப் போதா. உரோமப் பேரரசன் ஹேட்ரியன் (கி.பி. 117–138) காலத்திலேயே வெளியிலிருந்து வாய்க்கால் வழி நீர் கொணர வேண்டியதாயிற்று.

பேரரசின் தலைநகர்

கி.பி. 324இல் தன் போட்டியாளனை வென்று உரோமப் பேரரசு முழுவதையும் தன் கீழாக்கிய கொன்ஸ்தந்தைன், பைசாந்தியத்தைத் தன் புதிய தலைநகராகத் தேர்ந்தான். 330ஆம் ஆண்டு மே மாதம் 11ஆம் நாள் அந்நகர் விழாவெடுத்துத் தொடக்கி வைக்கப்பட்டது. அவன் பெயரால் அது கொன்ஸ்தாந்திநோப்பிள் ஆயிற்று. எகிப்திலிருந்து தானியக் கலங்கள் ஆண்டுதோறும் வந்தன. அதன் வாணிகத் தொடர்பு நெடுந்தொலைவு சென்றது. ஈழத்திற் கண்டெடுக்கப்பட்ட உரோமச் செப்பு நாணயங்களுட் பெரும்பாலன 4ஆம், 5ஆம் நூற்றாண்டுகளுக்கு உரியனவாதல் ஈண்டு நினைக்கத்தக்கது.

தானியம் கடல்வழி வரும். குடிநீர் அவ்வாறு வாராது. ஹேட்ரியனது வாய்க்கால் தாழ்ந்த பகுதிகட்கே பயன்பட்டது. புதிய நகரோ குன்றுகளின்மேற் பரந்தது. நீர் தானே மேட்டில் ஏறாது. ஆதலின் நகரின் உச்சியிலும் உயர்ந்த ஊற்றுகளைத் தொலைவிலே தேடி, அங்கிருந்து சிறிது சிறிதாகச் சரிந்து வரும்படி வாய்க்கால் வெட்டல் வேண்டும். குன்று குறுக்கிட்டாற் குடைதல் வேண்டும். பள்ளம் குறுக்கிட்டாற் பாலங் கட்டி அதன்மேல் நீரைச் செலுத்தல் வேண்டும். இவ்வரிய பணி பேரரசன் வாலென்ஸ் காலத்தில், 373இல் நிறைவேறியது. திராஸ் நாட்டு மலைப்பகுதிகளிலிருந்து நீர் வந்தது. பின்னர்ச் சேர்க்கப்பட்ட கிளைகளையும் கூட்டினால் வாய்க்கால்களின் நீளம் 400 கிலோமீற்றருக்கு மேற்படும் என அண்மைக்கால ஆய்வாளர் கணித்துள்ளனர். இருமாடமாக எழுந்த வில்வளைவுகளோடு வாலென்ஸின் கற்பாலம் இன்றும் நகர் நடுவே ஏறத்தாழ 900 மீற்றர் நீளத்துக்கு நிற்கின்றது. அதன் வளைவுகளினூடே ஊர்திகள் செல்கின்றன.

413இல், இரண்டாம் தியோடோசியஸ் காலத்தில், நிலப்பக்கத்தில் மர்மராக் கடல் தொட்டுப் பொற்கொம்பு வரை ஏறக்குறைய 6 கிலோமீற்றர் நீளமான பெருமதில் எழுந்தது. 447இல் நிலநடுக்கத்தால் அதன் கோபுரங்கள் பல விழுந்தன. ஹூணர் தலைவன் அத்திலா படையெடுக்கக்கூடும் என்ற அச்சத்தில், நகர மக்கள் இரண்டு மாதத்தில் அதனைப் பழுதுபார்த்தனர். முன்னே மற்றொரு மதிலும் அகழியும் கொண்ட அவ்வரண் ஓராயிரம் ஆண்டு நின்றது.

மதில் நகரைக் காத்தது; ஆயின் வாய்க்காலோ மதிலுக்கு வெளியே, பகைவன் கைக்கெட்டும் தூரத்திற் கிடந்தது. முற்றுகையிடுவோன் மதிலைத் தகர்க்க இயலாதெனினும் வாய்க்காலை வெட்டிவிடலாம். இதனாலேயே நீரைச் சேமித்து வைக்கும் தேக்கங்கள் நகருக்குள் ஒன்றன்பின் ஒன்றாக அமைந்தன. 5ஆம் நூற்றாண்டில் ஏத்தியஸ், அஸ்பார் என்போர் பெயரால் வழங்கும் திறந்த தேக்கங்கள் தோன்றின. இவற்றையன்றி, மாளிகைகளுக்கும் ஆலயங்களுக்கும் அடியில் நூற்றுக்கு மேற்பட்ட நிலவறைத் தேக்கங்கள் கட்டப்பட்டன. அவற்றுட் பெரியது 6ஆம் நூற்றாண்டிற் பேரரசன் ஜஸ்டினியன் அமைத்தது. கோடையில் நீர் குறைந்து மக்கள் இடருற்றமையால், பிற காலங்களில் வீணாகும் நீரைச் சேர்த்துவைக்க அதனை அவன் கட்டினான் என்பர் அக்கால வரலாற்றாசிரியர் புரோக்கோப்பியஸ். 9 மீற்றர் உயரமான 336 தூண்கள் அதன் கூரையைத் தாங்குகின்றன. அது கொள்ளும் நீர் ஏறத்தாழ 80,000 கனமீற்றர். 537இல் திறந்து வைக்கப்பட்ட ஹேகியா சோபியாப் பேராலயத்தின் புகழை அறியாதார் இலர். அதன் அயலிலே நிலத்தின் கீழ் இருண்டு கிடக்கும் இத்தேக்கமும் அதே மன்னன் பணியென்பதைப் பலர் அறியார்.

நீர் நின்ற காலம்

626இல் ஆவார் என்னும் கூட்டத்தார் நகரை முற்றுகையிட்டனர். மதிலை அவர்களால் வெல்ல முடியவில்லை, வாய்க்காலை வெட்டினர். முற்றுகை நீங்கியது, ஆனால் நீர் திரும்பவில்லை. ஏறக்குறைய 140 ஆண்டுகள் அவ்வாய்க்கால் பழுதுபார்க்கப்படாமற் கிடந்தது. 542இற் பரவிய கொள்ளைநோயாலும், 7ஆம் நூற்றாண்டில் எகிப்தின் தானியம் கைவிட்டுப் போனமையாலும் மக்கள் தொகை முன்னரே மிகக் குறைந்திருந்தது. அதனாலேயே எஞ்சியோர் கிணற்று நீரையும் தேக்க நீரையும் கொண்டு காலங்கழிக்க முடிந்தது.

766இற் கடும் வறட்சி வந்தது. ஐந்தாம் கொன்ஸ்தந்தைன் வாய்க்காலைப் புதுப்பிக்கத் துணிந்தான். நகரில் வேண்டிய தொழிலாளர் இலர். சின்னாசியாவிலிருந்து கல்தச்சரும் சாந்து பூசுவோரும், கிரேக்க நாட்டிலிருந்து மண்வேலை செய்வோரும், திராஸ் நாட்டிலிருந்து 5,000 கூலியாளரும் 200 செங்கல் அறுப்போரும் வருவிக்கப்பட்டனர் என்று தியோபானிஸ் என்னும் துறவி தம் வரலாற்று நூலிற் குறித்துள்ளார். மூன்று திசைகளிலிருந்து ஆள் திரட்டியே தலைநகருக்கு நீர் கொணர வேண்டியிருந்தது என்பதிலிருந்து, நகர் எவ்வளவு இளைத்திருந்தது என்பதை உணரலாம். நீர் மீண்டபின் நகரும் படிப்படியாக மீண்டது.

1204இல் நான்காம் சிலுவைப்போர் வீரர், தாம் காக்க வேண்டிய கிறித்தவ நகரென்றும் பாராது, அதனைச் சூறையாடினர். அங்கிருந்த வெண்கலக் குதிரைகள் நான்கும் வெனிஸ் நகருக்குக் கொண்டுசெல்லப்பட்டன. 1261இற் கிரேக்கர் நகரை மீட்டனராயினும், வறிய அரசால் நெடுந்தொலைவு வாய்க்கால்களைப் பேண இயலவில்லை. 15ஆம் நூற்றாண்டில் மதிலுக்குள் வாழ்ந்தோர் ஏறக்குறைய 50,000 பேரே. ஒருகாலத்தில் வீதிகள் இருந்த இடங்களில் வயல்களும் பழத்தோட்டங்களும் கிடந்தன.

1453ஆம் ஆண்டு ஏப்ரலில், 21 வயதினனான உதுமானிய சுல்தான் இரண்டாம் மெஹ்மெத் நகரை வளைத்தான். பொற்கொம்பின் வாயிலிற் பெருஞ்சங்கிலி குறுக்கே கிடந்தமையால், கலங்களை நிலத்தின்மேல் இழுத்து உள்ளே இறக்கினான். ஹங்கேரி நாட்டு வார்ப்புத் தொழிலாளி ஓர்பான் வார்த்த பெரும் பீரங்கி மதிலைச் சிதைத்தது. மே 29இல் நகர் வீழ்ந்தது. அதனை வீழ்த்தியது தாகமன்று, பீரங்கியே. ஆனால் அத்துணை நீண்ட மதிலைக் காக்க ஆளில்லாத நகராய் அது முன்னமே சுருங்கியிருந்தது என்பது மறக்கத்தக்கதன்று.

உதுமானியர் காலம்

மெஹ்மெத் கைக்கொண்டது பாதி பாழான நகர். அதனை நிரப்பும் பொருட்டு அனத்தோலியாவிலிருந்தும் பால்கன் நாடுகளிலிருந்தும் குடிகளை வருவித்தான். பழைய வாய்க்கால்களைச் செப்பனிடுவித்தான். 1477இல் எடுத்த கணக்கின்படி, எதிர்க்கரைக் கலாத்தாவும் சேர, 16,000 வீடுகளுக்கு மேல் இருந்தன. முஸ்லிம்கள், கிரேக்கர், ஆர்மேனியர், யூதர் எனப் பல இனத்தார் அங்கே வாழ்ந்தனர்.

அடுத்த நூற்றாண்டில் மக்கள் மேலும் பெருகவே, பேரரசன் சுலைமான் தன் தலைமைச் சிற்பி சினானிடம் புதிய நீர்ப்பணியை ஒப்புவித்தான். சுலைமானியாப் பள்ளிவாசலைக் கட்டிய அதே சினான், நகரின் வடக்கேயுள்ள பெல்கிரேட் காட்டு ஊற்றுகளிலிருந்து நீர் கொணர்ந்தான். நாற்பது நீர்த்துறைகள் எனப் பொருள்படும் கிர்க்செஷ்மே என்பது அப்பணியின் பெயர். 1563இல் வந்த பெருவெள்ளம் அதன் பகுதிகளை அழித்தது. அவை மீண்டும் கட்டப்பட்டன. ஏறத்தாழ 35 மீற்றர் உயரமான மக்லோவாப் பாலம் இன்றும் உறுதியுடன் நிற்கின்றது.

இஸ்லாமிய மரபில் தாகந் தீர்த்தல் பேரறமாகும். எனவே அரசரும் அரச மகளிரும் செல்வரும் வக்பு என்னும் அறநிலையங்களை ஏற்படுத்தித் தெருதோறும் நீர்த்துறைகளைக் கட்டுவித்தனர். வழிப்போக்கர்க்குக் கிண்ணத்தில் நீர் வழங்கும் மண்டபங்களும் இருந்தன. நம் நாட்டுத் தண்ணீர்ப்பந்தல் போன்றவை அவை. 1732இல் முதலாம் மஹ்மூத் காலத்திற் பொற்கொம்பின் வடபால் நீரைப் பகுதிதோறும் பிரித்தனுப்பும் மண்டபமொன்று கட்டப்பட்டது. பிரித்தல் எனப் பொருள்படும் தக்சிம் என்னும் அதன் பெயரே, இன்று நகரின் புகழ்பெற்ற சதுக்கத்துக்கு வழங்குகின்றது.

உதுமானியர் ஓடும் நீரையே விரும்பினமையால், பழைய நிலவறைத் தேக்கங்கள் மறக்கப்பட்டன. 1540களில் அங்கு சென்ற பிரெஞ்சு அறிஞர் பியேர் ஜில், சில வீட்டார் தம் நிலத்தளத்துத் துவாரத்தின் வழியே வாளியிட்டு நீர் முகப்பதையும், மீன் பிடிப்பதையும் அறிந்து ஆராய்ந்தார். படகிலேறி இருளிற் சென்றபோது அவர் கண்டது ஜஸ்டினியனின் தேக்கமே.

குடியரசுக் காலம்

1923இற் குடியரசு அமைந்தபோது தலைநகர் அங்காராவுக்கு மாறியது. நகருக்கு என்று பொருள்படும் கிரேக்கத் தொடரிலிருந்து பிறந்ததாகக் கருதப்படும் இஸ்தான்புல் என்னும் பெயரையே பிறநாட்டாரும் வழங்கல் வேண்டுமென 1930இல் துருக்கி அரசு வேண்டியது. 1955 செப்தெம்பரில் நிகழ்ந்த கலவரத்தின் பின் கிரேக்க மக்கள் பெருந்தொகையினராய் வெளியேறினர். பல இனத்தார் வாழ்ந்த பழைய நகரின் முகம் பெரிதும் மாறியது. 1927இல் ஏறத்தாழ ஏழு இலட்சமாயிருந்த சனத்தொகை, கிராமங்களிலிருந்து வந்து குடியேறியோராற் பெருகி, இன்று ஒன்றரைக் கோடியைத் தாண்டியுள்ளது.

இத்தொகைக்குப் பழைய ஊற்றுகள் எவ்வாறு போதும்? 1880களில் தெர்க்கோஸ் ஏரி நீர் குழாய் வழி வந்தது. பின்னர் அணைகள் பல எழுந்தன. 1990களின் முற்பகுதியிற் கடும் தட்டுப்பாடு நேர்ந்தது. இப்போது 150 கிலோமீற்றருக்கும் அப்பால், ஆசியப் பக்கத்திலுள்ள மெலென் ஆற்று நீர், பொஸ்பரஸின் கீழ் அமைந்த சுரங்க வழியாக ஐரோப்பியக் கரைக்கு வருகின்றது. அவ்வாறிருந்தும் 2021 தொடக்கத்தில் மழை பொய்த்தபோது, நீர்த்தேக்கங்கள் கொள்ளளவில் ஐந்திலொரு பங்கு அளவுக்கு வற்றின.

ஏத்தியஸின் தேக்கம் இன்று உதைபந்தாட்ட மைதானம். ஜஸ்டினியனின் தேக்கம் 1987 முதல் மக்கள் சென்று காணும் இடம். தியோடோசியஸின் மதிலால் நகருக்கு இனி ஆவதொன்றில்லை. வாலென்ஸும் சினானும் எதிர்நோக்கிய வினா மட்டும் பழையதாகவில்லை: இத்துணை மக்களுக்கு அடுத்த கோடையில் நீர் எங்கிருந்து வரும்? பேரரசுகள் அழிந்த பின்னும் அந்நகர் அழியாதிருப்பது, அவ்வினாவுக்குத் தலைமுறைதோறும் யாரேனும் விடை தேடியமையாலுமாகும்.