கம்ப்யூட்டரில் துணி இருக்கிறது, குடோனில் இல்லை!

திருப்பூரில் நடுத்தர பனியன் கம்பெனிகளுக்குள்ளும் ஈ.ஆர்.பி. மென்பொருள் வந்துவிட்டது. ஆர்டரையும் ஷிப்மென்ட் தேதியையும் பதிந்தால் போதும். எத்தனை கிலோ நூல் வாங்க வேண்டும், நிட்டிங் என்றைக்கு முடிய வேண்டும், சாயப்பட்டறைக்கு எப்போது அனுப்ப வேண்டும் என எல்லாவற்றையும் கடைசித் தேதியிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டுத் தந்துவிடும். 1960-களில் அமெரிக்க ஆலைகளில் உருவான கணக்குமுறை இது. கணக்கில் கோளாறு இல்லை. அதற்குள் நாம் போடும் எண்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

10,000 டி-ஷர்ட்டுக்கு ஓர் ஆர்டர் என்று வையுங்கள். ஒன்றுக்கு 200 கிராம் வீதம் 2,000 கிலோ துணி வேண்டும். நூல் துணியாகி, சாயமேறி வருவதற்குள் 8 சதவிகிதம் கழியும் என்று மென்பொருளில் பதிந்திருந்தால், அது 2,174 கிலோ நூல் வாங்கச் சொல்லும். உண்மையில் 12 சதவிகிதம் கழிந்தால் கைக்கு வருவது 1,913 கிலோதான். 435 டி-ஷர்ட்டுக்குத் துணி இருக்காது. அந்த 87 கிலோவைத் தனியாக நிட்டிங் செய்து சாயம் போட்டால் முதல் லாட்டின் ஷேடு அப்படியே வருவது அரிது. சின்ன லாட்டுக்காக மெஷினை ஒதுக்கச் சாயப்பட்டறைகளும் தயங்கும். அதற்குள் கப்பல் போய்விட்டால், சரக்கை ஏற்றுமதியாளர் தன் செலவில் விமானத்தில் அனுப்ப வேண்டியதுதான்.

அந்த 8 சதவிகிதத்தை யார் போட்டது? பல இடங்களில், மென்பொருளை நிறுவிய அன்று யாரோ போட்டது. துணி ரகத்துக்கும் நிறத்துக்கும் ஏற்றபடி கழிவு மாறும் என்பது கட்டிங் மாஸ்டருக்குத் தெரியும். அவரிடம் கேட்டவர்தான் இல்லை.

இதைவிடப் பெரிய சிக்கல் ஸ்டாக்கில் இருக்கிறது. இரவு 11 மணிக்குச் சாயப்பட்டறை வண்டி வருகிறது. அவசரம் என்று துணி நேராகக் கட்டிங் டேபிளுக்குப் போகிறது. சலான் மறுநாள் மதியம் கம்ப்யூட்டரில் ஏறுகிறது; கட்டிங்குக்குக் கொடுத்த கணக்கு ஏறவே இல்லை. திரையில் 300 கிலோ இருப்பதைப் பார்த்து மெர்ச்சண்டைசர் அடுத்த ஆர்டருக்குத் தேதி சொல்லிவிடுகிறார். மாதக் கடைசியில் கணக்கு உதைக்கும்போது எல்லோரும் திட்டுவது டேட்டா என்ட்ரி பெண்ணை. இருப்பதிலேயே குறைந்த சம்பளம் வாங்குபவர்களில் ஒருவர் அவர். திட்டுக்குப் பயந்து அவர் ஒரு 'அட்ஜஸ்ட்மென்ட்' போடுகிறார். கணக்கு நேராகிவிடுகிறது, துணி எங்கே போனது என்ற கேள்வி அங்கேயே புதைந்துவிடுகிறது. என்னை மிகவும் அச்சுறுத்துவது இந்த என்ட்ரிதான்.

பெரிய கம்பெனிகளும் இதில் தப்பவில்லை. 1999-ல் ஓர் அமெரிக்க சாக்லேட் கம்பெனி புதிய மென்பொருளுக்கு மாறியது. அந்த ஆண்டு பண்டிகைக் காலத்தில், 10 கோடி டாலர் மதிப்புள்ள ஆர்டர்களை அதனால் நேரத்துக்கு அனுப்ப முடியவில்லை. சரக்கில் பெரும்பகுதி கையிலேயே இருந்தது. சீசனில் கிடைத்த இடத்தில் அடுக்கிய பெட்டிகள் மென்பொருளின் கணக்கில் ஏறாததும் அதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது.

பார்கோடு ஸ்கேனர் வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார்கள் மென்பொருள் விற்பவர்கள். உதவும்தான். ஆனால், ஸ்கேன் செய்யாமல் துணியைத் தூக்கிக்கொண்டு போகிறவரை ஸ்கேனர் தடுக்காது.

டேட்டா என்ட்ரி மேஜையை ஏ.சி. அறையிலிருந்து குடோனுக்கு, எடை மெஷினுக்குப் பக்கத்தில் கொண்டுவர வேண்டும். ஒவ்வொரு லாட்டும் போன எடையையும் வந்த எடையையும் வைத்துக் கழிவு சதவிகிதத்தைத் திருத்திக்கொண்டே வர வேண்டும். தினமும் இரண்டு ரேக்கையாவது எண்ணிப் பார்க்க வேண்டும். காரணம் எழுதி, முதலாளி கையெழுத்துப் போடாமல் ஒரு அட்ஜஸ்ட்மென்ட்கூட ஏறக் கூடாது. பதியாத துணியைத் தர மாட்டேன் என்று சொல்லும் அதிகாரம் அந்தப் பெண்ணுக்கு வேண்டும். ஷிப்மென்ட் நெருக்கத்தில் சூப்பர்வைசர் கத்துவார். அப்போதும் முதலாளி அந்தப் பெண்ணின் பக்கம் நிற்க வேண்டும்.