மருத்துவரும் ஆய்வாளருமாக ஒருவரே

நோயாளியின் படுக்கையருகே எழும் கேள்விக்கு ஆய்வகத்தில் விடை தேடவும், அங்கே கிடைத்த விடையை மீண்டும் சிகிச்சைக்குக் கொண்டுவரவும் ஒருவரே பயிற்சி பெறுவதற்காக, மருத்துவப் பட்டத்தையும் உயிர்மருத்துவ அறிவியலில் முனைவர் பட்டத்தையும் இணைத்து வழங்கும் படிப்பு, அமெரிக்காவில் 1950களில் உருப்பெற்றது. 1964இல் அந்நாட்டு அரசின் தேசிய சுகாதார நிறுவனங்கள் இதற்கெனத் தனித் திட்டம் ஒன்றைத் தொடங்கி, மாணவரின் கல்விக் கட்டணத்துக்கும் வாழ்க்கைச் செலவுக்கும் உதவ முன்வந்தன.

பொதுவாக இரண்டு ஆண்டுகள் மருத்துவ அடிப்படைப் பாடங்களைக் கற்று, பின்னர் மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் ஆய்வு செய்து முனைவர் பட்டம் பெறும் மாணவர், அதன்பின் மருத்துவமனைக்குத் திரும்பி, நோயாளிகளை நேரில் கவனித்துக் கற்கும் மருத்துவப் பயிற்சியை முடிக்கிறார். இவ்வாறு ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் கழிந்த பின்னரே, குறிப்பிட்ட துறையில் தேர்ச்சி பெறுவதற்கான உறைவிட மருத்துவர் பயிற்சி தொடங்குகிறது.

இந்த நீண்ட உழைப்பின் பயனுக்கு, இத்தகைய இணைப் படிப்பை 1965இல் கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகத்தில் முடித்த ஃபெரிட் முராட் சிறந்த சான்றாவார். நெஞ்சுவலிக்கு நெடுங்காலமாகத் தரப்பட்டு வந்த நைட்ரோகிளிசரின் மருந்து, நைட்ரிக் ஆக்சைடு என்னும் வாயுவை வெளியிட்டே இரத்தக் குழாய்களின் தசையைத் தளர்த்துகிறது என்று 1977இல் கண்டறிந்த அவர், 1998ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசை வேறு இருவருடன் பகிர்ந்துகொண்டார்.

சிகிச்சைப் பணியும் ஆய்வும் ஒருவரின் நேரத்துக்குப் போட்டியிடுவதால், இவ்வாறு பயின்றோரின் ஆய்வு நேரத்தைக் காத்துத் தருவது ஒவ்வொரு மருத்துவ நிறுவனத்தின் கடமையாகும்.