மேனாம்பேட்டில் ஒரு மைக்கேலாஞ்சலோ!

நமக்கும் கலைக்கும் ஏழாம் பொருத்தம் சார்! ஸ்கூலில் நான் வரைந்த பூசணிக்காயைப் பார்த்துவிட்டு, "யானை நல்லா வந்திருக்குடா" என்று பாராட்டியவர் எங்கள் டிராயிங் மாஸ்டர். அப்பேர்ப்பட்ட நான் இப்போது சிற்பி! மேனாம்பேட்டு வீட்டு மொட்டை மாடிதான் 'ஸ்டூடியோ'.

எல்லாம் எழும்பூர் மியூசியம் செய்த வேலை. ஆபீசுக்கு லீவு போட்டு ஒரு வெள்ளிக்கிழமை போனேன். மியூசியத்துக்கும் அன்றைக்குத்தான் லீவாம்! அடுத்த ஞாயிறு, அப்பாவையும் கூட்டிக்கொண்டு மறுபடி படையெடுத்தேன். அப்பா ஃபவுண்டரியில் முப்பது வருஷம் மோல்டர். ரிடையரானதிலிருந்து எங்களுக்குள் பேச்சு என்றால் "சாப்பிட்டியா?", "ம்..." அவ்வளவுதான்.

வெண்கலக் கூடத்தில் திருவாலங்காட்டு நடராஜர். சோழர் காலத்தவர். நம்ம அரக்கோணம் லைன்காரர்தான். திருவள்ளூர் தாண்டினால் அவர் ஊர். திருவாசி இல்லை, விரிந்த சடை இல்லை... ஆட்டம் மட்டும் அப்படியே இருக்கிறது! பிரெஞ்சு சிற்பி ரோடின், இந்த மியூசியத்து நடராஜர்களை வெறும் போட்டோவில் பார்த்தே மயங்கி ஒரு கட்டுரை எழுதினார். அவர் இறந்த பிறகு, 1921-ல் அது அச்சில் வந்தது. அரை மணி ரயில் தூரத்தில் இருக்கும் நான், முப்பத்தெட்டு வயசில்தான் பார்க்கிறேன்!

அப்பா சிலையை விட்டு நகரவில்லை. திடீரென்று, "முதல்ல மெழுகுல செய்வாங்கடா. மேல மண்ணு பூசி சூடு காட்டினா மெழுகு உருகி ஓடிடும். அந்த இடத்துல உலோகத்தை ஊத்தணும். எங்க பேட்டர்ன்ல நூறு பீஸ் எடுக்கலாம். இதுல மண்ணை உடைச்சாத்தான் சிலையே வெளிய வரும். ஒண்ணே ஒண்ணு! தப்பினா எல்லாம் போச்சு" என்றார். ஒரு வருஷப் பேச்சை ஒரே மூச்சில் பேசிவிட்டார்!

வீட்டுக்கு வந்ததும் கால் கிலோ கட்டுக்கம்பி வாங்கினேன். நடராஜரைச் செய்ய நமக்கேது தைரியம்? காலை ரயில் நெரிசலில் இன்னொரு காலை வைக்க இடமில்லாமல் ஒற்றைக்காலில் நிற்கும் ஆபீஸ் ஆசாமியை முறுக்கினேன். கையில் டிபன் பாக்ஸ். நிறுத்தினால் தொப்! எம்-சீல் அப்பினேன்; மறுபடி தொப்!

"பேசாம அவனை நீட்டிக் கட்டுங்க. துணி காயப்போட ஒரு கொடியாவது மிஞ்சும்" என்றாள் மனைவி.

நாலாவது தடவை விழுந்தபோது அப்பா மாடியேறி வந்தார்.

"வெயிட்டு எங்கடா இறங்குது? நடராஜர் தலை எதுக்கு நேரா இருந்துது, பாத்தியா?"

பார்க்கவில்லை. கண்ணை மூடி யோசித்தேன். ஊன்றிய பாதத்துக்கு நேர் மேலே! ஆசாமியின் தலையை மெல்ல வளைத்தேன். டிபன் பாக்ஸை இந்தப் பக்கம் தள்ளினேன். கையை எடுத்தேன்.

நின்றான் சார்!

இப்போது டி.வி. மேல் நிற்கிறான். நேற்று அப்பா அவனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"ஞாயித்துக்கிழமை மறுபடி போவோமா? நடராஜர் முதுகுப் பக்கத்தைச் சரியாப் பாக்கல. வரும்போது கொஞ்சம் மெழுகு வாங்கிட்டு வரலாம்."