ராஸ்பெரி பை: செயலியின் சூட்டை அளப்பதும் படிப்பதும்

செயலி, நினைவகம், இணைப்புத் துளைகள் அனைத்தையும் ஒரே மின்சுற்றுப் பலகையில் அடக்கியது ஒற்றைப் பலகைக் கணினி. இவ்வகையில் பெயர்பெற்றது இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் உருவான ராஸ்பெரி பை. 2012 பிப்ரவரி 29 அன்று வெளிவந்த முதல் பலகையின் செயலியில் ஒரே ஒரு கோர். அதன் வேகம் 700 மெகாஹெர்ட்ஸ். விசிறியோ, சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடான ஹீட் சிங்க்கோ அதற்குத் தேவைப்படவில்லை. 2019-ல் வந்த நான்காம் தலைமுறைக்கு நான்கு கோர்கள், 1.5 ஜிகாஹெர்ட்ஸ், 2023-ல் வந்த ஐந்தாம் தலைமுறைக்கு 2.4 ஜிகாஹெர்ட்ஸ். பலகையின் அளவு மட்டும் அன்றும் இன்றும் ஏறத்தாழ ஓர் ஏ.டி.எம். அட்டை அளவுதான். வேகம் பெருகிய அளவுக்கு வெப்பம் வெளியேறும் பரப்பு பெருகவில்லை. அதனால்தான் செயலியின் சூட்டைக் கண்காணிக்க வேண்டியிருக்கிறது.

செயலியிலுள்ள டிரான்சிஸ்டர்கள் ஒவ்வொரு முறை நிலை மாறும்போதும் சிறிதளவு மின்னாற்றல் வெப்பமாகிறது. இந்தச் செலவு கடிகார வேகத்துக்கு நேர்விகிதத்திலும் மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்திலும் கூடும். வேகத்தைக் கூட்ட மின்னழுத்தத்தையும் கூட்ட வேண்டியிருப்பதால், வேகத்தில் சிறு உயர்வுகூட வெப்பத்தில் பெரிய உயர்வாகிவிடுகிறது. இது போதாதென்று, வேலை செய்யாத டிரான்சிஸ்டர் வழியாகவும் மின்னோட்டம் கொஞ்சம் கசிகிறது. சூடு ஏற ஏற இந்தக் கசிவும் ஏறுகிறது.

வெப்பநிலையை அளக்கும் உணரி வெளியே ஒட்டப்பட்ட உறுப்பு அல்ல. செயலியின் சிலிக்கானிலேயே அமைந்தது. சிலிக்கான் சந்தி ஒன்றில் சீரான மின்னோட்டத்தைச் செலுத்தினால், அதன் குறுக்கே நிற்கும் மின்னழுத்தம் ஒரு டிகிரி உயர்வுக்குச் சுமார் 2 மில்லிவோல்ட் வீதம் குறையும். இந்தப் பண்பைக் கொண்டே சில்லுக்குள் இருக்கும் வெப்ப உணரிகள் பொதுவாக இயங்குகின்றன. மின்னழுத்தம் எண்ணாக மாற்றப்பட்டு, ஒரு சமன்பாட்டின் வழியே டிகிரி செல்சியஸாகிறது. நான்காம் தலைமுறையில் உணரியின் எண் ஒரு படி மாறினால் வெப்பநிலை 0.487 டிகிரி மாறும். அளவீடு சீராக நகராமல் ஏறத்தாழ அரை டிகிரி வீதம் தாவுவது இதனால்தான். இந்த நிலையில், மூன்று தசம இடம் வரை திரையில் தெரிவதைக் கண்டு அவ்வளவு துல்லியம் என்று எண்ணிவிடக் கூடாது.

வெளியிலிருந்து அளப்பது இதற்கு ஈடாகாது. அகச்சிவப்பு வெப்பமானியைப் பளபளக்கும் உலோக மூடியின் மேல் பிடித்தால் உண்மையைவிடக் குறைவான எண்ணே கிடைக்கும். மெருகேறிய உலோகம் அகச்சிவப்புக் கதிரைக் குறைவாகவே உமிழ்கிறது.

உணரியின் அளவீட்டைப் பெற இரு வழிகள் உண்டு. ஒன்று, பலகையில் ஓடும் இயங்குதளமான லினக்ஸின் கோப்பு மரத்தில் தெர்மல் பிரிவில் உள்ள சிறு கோப்பைப் படிப்பது. அதில் 47236 என்றிருந்தால் 47.236 டிகிரி. மற்றொன்று, பலகையின் அடிநிலை மென்பொருளான ஃபர்ம்வேரிடம் நேரடியாகக் கேட்கும் கட்டளை. ராஸ்பெரி பையில் சூட்டைக் கட்டுப்படுத்துவதும் இந்த ஃபர்ம்வேர்தான். அது வரைகலைச் செயலியின் பக்கத்தில் ஓடுகிறது. பயனர் கண்காணித்தாலும் விட்டாலும் அது தன் வேலையைச் செய்துகொண்டேயிருக்கும். 80 டிகிரியைத் தாண்டியதும் கோர்களின் வேகத்தைப் படிப்படியாகக் குறைக்கும். 85-ஐத் தொட்டால் வரைகலைச் செயலியையும் சேர்த்துக் குறைக்கும். 2018-ல் வந்த மூன்றாம் தலைமுறை பி பிளஸ் சற்று முன்னெச்சரிக்கையானது: 60 டிகிரியிலேயே 1.4 ஜிகாஹெர்ட்ஸிலிருந்து 1.2-க்கு இறங்கிவிடும்.

ஆகவே கண்காணிப்பின் நோக்கம் செயலி கருகாமல் காப்பது அன்று. அதை ஃபர்ம்வேர் பார்த்துக்கொள்கிறது. வேகம் எப்போது, எதனால் இழக்கப்படுகிறது என்று அறிவதே நோக்கம். அதற்கு வெப்பநிலை என்ற ஓர் எண் போதாது. கடிகார வேகத்தையும் உடன் பதிய வேண்டும். லினக்ஸ் கேட்ட வேகம் ஒன்றாகவும் ஃபர்ம்வேர் தந்த வேகம் வேறாகவும் இருக்கலாம் என்பதால், இதை ஃபர்ம்வேரிடமே கேட்பது நல்லது.

மூன்றாவதாகப் பதிய வேண்டியது ஃபர்ம்வேர் தரும் நிலைக்குறி. பலரும் இதைத் திறந்தே பார்ப்பதில்லை. இது பதினாறடிமான எண். பூச்சியம் என்றால் குறையேதும் இல்லை. கடைசி இலக்கம் இந்த நொடியின் நிலை. வலமிருந்து ஐந்தாவது இலக்கம் கணினி இயங்கத் தொடங்கியதிலிருந்து நடந்தது. இரண்டிலும் 1 என்றால் மின்னழுத்தக் குறைவு, 2 என்றால் வேகத்துக்கு உச்சவரம்பு, 4 என்றால் வேகக் குறைப்பு, 8 என்றால் முன்னெச்சரிக்கை வெப்ப வரம்பு. இவை கூட்டாகவும் வரும். 50000 என்று வந்தால் ஐந்து என்பது 4-ம் 1-ம்: வேகமும் குறைந்திருக்கிறது, மின்னழுத்தமும் சுமார் 4.63 வோல்ட்டுக்குக் கீழே சரிந்திருக்கிறது. அங்கே பெரும்பாலும் குற்றவாளி மெலிந்த மின்கம்பி அல்லது தரமற்ற சார்ஜர். எத்தனை விசிறி வைத்தாலும் தீராது. 1 இல்லாமல் 4 வந்தால் சூட்டைச் சந்தேகிக்க வேண்டும்.

இம்மூன்றையும் பதியும் சோதனையைச் சுமையில்லாத நிலையில் தொடங்கி, எல்லாக் கோர்களுக்கும் முழு வேலை கொடுத்துச் சில விநாடிக்கு ஒருமுறை பதிந்து, எண் ஏறாமல் நிலைக்கும் வரை தொடர வேண்டும். அறையின் வெப்பநிலையையும் குறித்துக்கொள்வது கட்டாயம். ஹீட் சிங்க்கும் விசிறியும் செயலியைச் சுற்றுப்புறத்தின் அளவுக்கு நெருக்கமாகக் கொண்டுவர முடியுமே தவிர, அதற்குக் கீழே இறக்க முடியாது. 20 டிகிரி அறையில் 65-ல் நின்ற பலகை, சித்திரை வெயிலில் 38 டிகிரி இருக்கும் அறையில் அதே சுமைக்கு 83 அளவில் முட்டும்; அதற்குள் வேகக் குறைப்பு தொடங்கியிருக்கும். குளிர்நாட்டில் செய்த சோதனை முடிவை அப்படியே நம்ப முடியாததற்கு இதுவே காரணம்.

குளிர்விப்பில் முதலில் செலவில்லாத வழிகள்: மூடிய பெட்டியைத் திறப்பது, பலகையைச் செங்குத்தாக நிறுத்திச் சூடான காற்று இருபுறமும் எழ விடுவது. அடுத்து ஹீட் சிங்க், அதன் பின்பே விசிறி. ஐந்தாம் தலைமுறைப் பலகையில் விசிறிக்கென்றே தனி இணைப்பு உண்டு. அதில் பூட்டிய விசிறி 50 டிகிரியில் மெல்லச் சுழலத் தொடங்கி, 60-லும் 67.5-லும் வேகம் கூடி, 75-ல் முழு வேகம் எட்டும். ஒவ்வொரு படியிலும் வெப்பம் 5 டிகிரி இறங்கிய பின்பே வேகம் குறையும். இல்லாவிட்டால் விசிறி நொடிக்கு நொடி நின்றும் சுழன்றும் எரிச்சலூட்டும்.

முழுச் சுமையில் 75 டிகிரி காட்டி, வேகம் குறையாமல், நிலைக்குறி பூச்சியமாகவே இருக்கும் நான்காம் தலைமுறைப் பலகைக்கு விசிறி வாங்கத் தேவையில்லை.