பழைய காரின் பின்புற அதிர்வுதாங்கி

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வீதிகளில் மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் முதலிய பழைய ஆங்கிலக் கார்கள் இன்றும் ஓடக் காணலாம். 1948ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வெளிவந்த மொறிஸ் மைனரின் உற்பத்தி 1970களின் தொடக்கத்தில் நின்றுபோயிற்று. 1990களின் முற்பகுதியில், பொருளாதாரத் தடை காரணமாகப் பெற்றோலும் உதிரிப்பாகங்களும் கிடைத்தற்கரியனவாயிருந்தபோது, இத்தகைய வண்டிகளை மண்ணெண்ணெயிலே ஓடச்செய்தவர்கள் அவ்வூர் மெக்கானிக்குகள். இல்லாததை இருப்பதைக்கொண்டு ஈடுசெய்யும் அத்திறமை போற்றத்தக்கதே. ஆயினும் அதற்கும் ஓர் எல்லை உண்டு. வண்டியின் பின்புறத்து அதிர்வுதாங்கியையும் அதனைப் பிணைக்கும் ஆணியையும் மாற்றுமிடத்து அவ்வெல்லை தெளிவாகத் தெரியும்.

சொக் அப்சோபர் எனக் கராஜில் வழங்கும் இக்கருவியின் பெயர் கேட்போரைச் சிறிது மயக்குவது. பள்ளத்தில் விழும் சக்கரத்தின் அதிர்ச்சியை முதலில் ஏற்பது வில்லேயாகும். வண்டியின் பாரத்தைச் சுமப்பதும் அதுவே. ஆனால் அழுந்திய வில் நிமிரும்போது ஓரிடத்தில் நில்லாது, ஊஞ்சல் போல மேலும் கீழும் ஆடும். அவ்வாட்டத்தை அடக்குவதே அதிர்வுதாங்கியின் தொழில். அதனுள் இருக்கும் எண்ணெய் சிறு துவாரங்களின் வழியே நெருக்கித் தள்ளப்படும்போது, ஆட்டத்தின் சக்தி வெப்பமாக மாறிக் காற்றிலே கலந்துவிடுகின்றது. மொறிஸ் மைனரின் பின்புறத்தில் இது நெம்புகோற் கையுடைய சிறு பெட்டியாக அமைந்திருக்கும். வேறு பல கார்களில் ஒன்றனுள் ஒன்று நுழையும் குழாய்களாக அமைந்திருக்கும். வடிவம் வேறாயினும் தத்துவம் ஒன்றே.

அதிர்வுதாங்கி பழுதுபட்டால் பயணம் சுகப்படாது என்பதோடு தீமை நின்றுவிடுவதில்லை. அடங்காத சக்கரம் வீதியை விட்டுத் துள்ளுகின்றது. தரையைத் தொடாத சக்கரத்தில் பிறேக் பிடித்து யாது பயன்? வண்டி நிற்கவேண்டிய தூரம் கூடுகின்றது. மழைநாளில் வளைவொன்றிலே பின்புறம் வழுக்கி விலகவும் கூடும். காரின் பின் மூலையை நன்றாக அழுத்திக் கைவிட்டுப் பார்த்தால் ஒருவாறு உண்மை விளங்கும். ஒருமுறை எழுந்து அடங்கினால் நன்று. இரண்டு மூன்று முறை ஆடினால் அதிர்வுதாங்கி தளர்ந்துவிட்டது. எண்ணெய் கசிந்த கறையும், ரயர் ஆங்காங்கே குழிவிழத் தேய்வதும் ஏனைய அறிகுறிகள்.

மாற்றும் வேலையில் முதற் கவனம் உயிருக்கே. முன் சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை வைத்து, வண்டியைச் சமதரையில் உயர்த்தி, உறுதியான இரும்புத் தாங்கிகளின்மேல் நிறுத்தல் வேண்டும். ஜக்கை மாத்திரம் நம்பியோ, செங்கல்லை அடுக்கியோ காரின் கீழே தலையை நுழைப்பது பெரும் பிழை. பின் அச்சையும் தனியாகத் தாங்கிக்கொள்ளல் வேண்டும். சுருள்வில் பொருத்திய வண்டிகள் சிலவற்றில் அச்சு கீழிறங்காமல் தடுப்பது அதிர்வுதாங்கியே. அதனைக் கழற்றியதும் அச்சு விழுந்து, சுருள்வில் பாய்ந்து வெளிவரக்கூடும்.

அடுத்து வருவது ஆணி. கராஜில் போல்ட் எனப்படும் இப்புரியாணி ஆண்டுக்கணக்காக மழைநீரும் சேறும் உப்புக்காற்றும் பட்டுத் துருவேறி இறுகியிருக்கும். அவசரப்பட்டு நீண்ட குழாயொன்றை ஸ்பனரிற் கொளுவி இழுத்தால் ஆணி முறிந்து பாதி உள்ளே நின்றுவிடும். கம்பித் தூரிகையால் துருவைத் துடைத்து, ஊடுருவும் எண்ணெய் விட்டு ஓரிரவு ஊறவிடுதல் நலம். மறுநாள் சிறிது இறுக்கி, சிறிது தளர்த்தி, மீண்டும் எண்ணெய் விட்டு முயன்றால் பெரும்பாலும் இணங்கும். நெருப்பைக் காட்டி இளக்குவது பலர் கைக்கொள்ளும் வழி. ஆனால் மொறிஸ் மைனர் போன்ற வண்டிகளில் பெற்றோல் தாங்கி பின்புறத்திலேயே இருக்கின்றது; பிறேக் குழாயும் அருகே செல்கின்றது; எண்ணெய் அடைத்த அதிர்வுதாங்கியே சூட்டினால் வெடிக்கவும் கூடும். ஆதலால் அங்கே தீச்சுவாலை ஆகாது.

கழற்றிய ஆணியை மீண்டும் பூட்டலாமா? துரு அரித்து, நடுவிலே தேய்ந்து மெலிந்த ஆணியைத் துடைத்துப் பூட்டுவது சிக்கனமன்று. கையிற் கிடைத்த வேறோர் ஆணியும் உதவாது. அக்காலத்து ஆங்கிலக் கார்களின் ஆணிகள் பெரும்பாலும் அங்குலக் கணக்கின. யப்பானியக் கார்களின் ஆணிகள் மில்லிமீற்றர்க் கணக்கின. 3/8 அங்குல ஆணியின் விட்டம் ஏறக்குறைய 9.5 மில்லிமீற்றர். 10 மில்லிமீற்றர் ஆணியைப் பூட்டுவதற்காகத் துவாரத்தை அகலித்தால் வண்டியின் சட்டமே பழுதாகும். வலிமையும் ஒத்திருத்தல் வேண்டும். அங்குல ஆணியின் தலையில் 3 கோடுகளோ 6 கோடுகளோ, மில்லிமீற்றர் ஆணியின் தலையில் 8.8, 10.9 போன்ற எண்களோ அதன் தரத்தைச் சொல்லும். கோடுகளோ எண்களோ மிகுந்தால் வலிமையும் மிகும். குறியில்லாத மெல்லிரும்பு ஆணி அவ்விடத்துக்கு உரியதன்று.

புதிய அதிர்வுதாங்கியை நிமிர்த்திப் பிடித்து, சிலமுறை முழுவீச்சும் இயக்கி, உள்ளிருக்கும் காற்றைப் போக்கிய பின்னரே பூட்டல் வேண்டும். ஒருபுறத்தை மாத்திரம் மாற்றினால் இருபுறமும் ஒத்து இயங்கா. ஆகவே இரண்டையும் சேர்த்தே மாற்றுவது முறை. றப்பர் புஷ் உள்ள இடங்களில், சக்கரங்கள் தரையில் ஊன்றி, வண்டி தன் பாரத்தைத் தானே தாங்கி நிற்கும்போது இறுதியாக இறுக்குதல் நன்று. தூக்கிய நிலையிலே இறுக்கினால், வண்டி இறங்கியதும் றப்பர் முறுக்குண்டு விரைவிற் கிழியும். சிறிது தூரம் ஓடிய பின் ஆணிகளை மறுமுறையும் பார்த்துக்கொள்ளல் வேண்டும்.

அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பது பழமொழி. தேய்ந்த ஆணியோடு கார் சிலகாலம் ஓடத்தான் ஓடும். அதுவே அதிலுள்ள ஆபத்து. பழைய வண்டியைப் பேணுவோர் மிச்சம் பிடிக்கத்தக்க இடங்கள் பல உண்டு. பின்னாசனத்திலே பிள்ளைகள் அமர்ந்திருக்க, அவர்களின் கீழே இருக்கும் அந்தச் சிறிய ஆணி அவற்றுள் ஒன்றன்று.